பாசிமணிப் பின்னல்: விற்கிறவரும் கற்க வேண்டிய கைவேலை

மளிகைக் கடைக்காரனுக்குப் பாசிமணியோடு என்ன உறவு என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். உறவு இருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் மவுண்ட்-பூந்தமல்லி சாலையை ஒட்டியுள்ள நம் கடைகளில் அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் விற்றுக் காலம் தள்ளுகிறவர்கள் இன்று குறைவு. ஒரு பக்கம் பெரிய அங்காடிகள், இன்னொரு பக்கம் செல்போனில் கேட்டால் வாசலுக்கே வரும் சரக்கு. மளிகையில் நிற்கும் லாபம் வாடகைக்கும் கரண்டுக்கும் சரியாகிவிடுகிறது. அதனால்தான் கல்லாவுக்குப் பக்கத்தில் அட்டை அட்டையாகத் தொங்கவிட்டுப் பொட்டு, ஹேர்பின், ரப்பர் பேண்ட், மணிமாலை, பிரேஸ்லெட் என்று பேன்சி சாமான் விற்கிறோம்.

பொட்டும் ஹேர்பின்னும் கம்பெனி சரக்கு. பெயரைப் பார்த்து வாங்கி, பெயரைச் சொல்லி விற்கலாம். மணி நகை அப்படியல்ல. யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கோத்தது. அதன் தரம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். ஆகவே, அதை விற்கிற கடைக்காரர் ஒன்றையாவது தம் கையால் பின்னிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நஷ்டப்பட்டுக் கற்ற பாடம் இது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மொத்த வியாபாரியிடம் எலாஸ்டிக் நூலில் கோத்த பிரேஸ்லெட் 12 டஜன் எடுத்தேன். ஒன்று 8 ரூபாய் அடக்கம். 15 ரூபாய்க்கு விற்றேன். பள்ளிப் பிள்ளைகள் போட்டி போட்டு வாங்கினார்கள். பத்தே நாளில் 4 டஜன் தீர்ந்தது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தது. 48 விற்றதில் கிடைத்த லாபம் 336 ரூபாய். அறுந்துபோனதென்று வந்த 31 பேருக்குத் திருப்பிக் கொடுத்தது 465 ரூபாய். மிச்சம் 8 டஜன் பரணுக்கு ஏறியது.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. நம்மிடம் மாதம் நாலாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் நோட்டில் எழுதி வாங்கும் ஓர் அம்மா கடை வாசலில் நின்று சொன்னார்: "அண்ணாச்சி, பதினஞ்சு ரூபா பெரிசில்ல. பிரேயர்ல நிக்கும்போது அறுந்து கொட்டிருச்சாம். பிள்ளை மணி பொறுக்கிட்டு நின்னு திட்டு வாங்கியிருக்கு. உங்க கடைன்னுதானே நம்பி வாங்கினேன்?" எடை குறைந்தது என்று ஒரு நாளும் பேச்சு வாங்காத கடை. ஒரு பிரேஸ்லெட்டுக்காக அன்று தலைகுனிந்தேன்.

அந்த மூட்டையில் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், பூந்தமல்லி பஸ் நிலையத்தருகே பாசிமணி விற்கும் நரிக்குறவர் சமூகத்து வயதான அம்மா ஒருவரிடம் காட்டினேன். அவர் மணியைப் பார்க்கவே இல்லை. இரண்டு மணிக்கு நடுவே நூலை நகத்தால் விலக்கி, இழுத்து விட்டார். நூல் முழுதாகச் சுருங்கித் திரும்பவில்லை. "மணியில குத்தமில்ல சாமி. நூலு செத்துப்போச்சு" என்றார். தம் கழுத்து மாலையைக் காட்டி, முடிச்சு எங்கே இருக்கிறது சொல்லுங்கள் என்றார். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முடிச்சைப் போட்ட பிறகு அதை மணியின் துளைக்குள் இழுத்து மறைத்திருந்தார்.

வேட்டையாடிப் பிழைத்த மக்கள் அவர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைத் தொழில் போய், பாசியும் ஊசியுமே முழுநேரப் பிழைப்பாகிவிட்டது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். கடை வாசலில் வந்து உட்கார்ந்தால் விரட்டுகிற நம்மவர்களும் உண்டு. இந்தத் தொழிலில் நமக்கு வாத்தியார் அவர்களே.

நூலைப் பற்றி

எலாஸ்டிக் நூல் வெயிலுக்கும் வியர்வைக்கும் தாங்காது. கடையில் தொங்கும்போதே அதற்கு வயதாகிவிடும். பழைய கையிருப்பை ஒருபோதும் வாங்காதீர்கள். தையல் நூலும் வேண்டாம். நனைந்து உளுத்துவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு நல்லது தூண்டிலுக்குக் கட்டும் தங்கூஸ் நரம்புதான். 0.25 மில்லிமீட்டர் தடிமன் போதும். விறைப்பாக இருப்பதால் ஊசியே வேண்டாம், நரம்பின் முனையே மணிக்குள் நுழையும். கடுகளவு மணியில் வேலை செய்வதானால் மெல்லிய நைலான் நூலும் 10 அல்லது 12-ஆம் நம்பர் மணி ஊசியும் தேவை. அந்த நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் ஒருமுறை இழுத்துவிட்டால் சிக்காது.

தங்கூஸ் நரம்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வழுக்கும். ஒற்றை முடிச்சு ஒரு வாரத்தில் அவிழ்ந்துவிடும். இரட்டை முடிச்சு போட்டு, மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து உலரவிட வேண்டும். சட்டென்று ஒட்டும் பசையை வைத்தால் அந்த இடம் விறைத்துப்போய் அங்கேயே ஒடியும்.

மணியைப் பற்றி

மணி வியாபாரத்தில் நம்பர் தலைகீழ். நம்பர் கூடக்கூட மணி சிறுக்கும். 11-ஆம் நம்பர் சுமார் 2 மில்லிமீட்டர், நம் கணக்கில் கடுகு. 6-ஆம் நம்பர் சுமார் 4 மில்லிமீட்டர், சிறு மிளகு. 8-ஆம் நம்பர் இரண்டுக்கும் நடுவே. 11-ஆம் நம்பரில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 110 மணி நிற்கும். எடை போட்டு வாங்கி எண்ணிக்கையில் விற்கிறவருக்கு இது உதவும்.

விலை ஏன் இத்தனை வித்தியாசப்படுகிறது என்பதற்கு மணி பிறக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரேணிகுண்டாவுக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊர். சூளையில் உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயில் திரட்டி, அதிலிருந்து உள்ளே துளையுள்ள நீண்ட குழலாக இழுப்பார்கள். குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்துச் சூடாக்கி, வெட்டுவாயின் கூர்மையை மழுக்குவார்கள். இதே முறைதான் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டிலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அதே அரிக்கமேடு. அங்கிருந்து கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியாவரை போன இந்த வகை மணிக்கு, பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தோ-பசிபிக் மணி என்று பெயர் வைத்தார். நொய்யல் கரையில் கொடுமணலில் பச்சைக்கல்லும் படிகமும் கொண்டு கல்மணி செய்தார்கள். மணியை ஏற்றுமதி செய்த நாடு நம்முடையது. இன்று ஜப்பானின் ஹிரோஷிமா மாவட்டத்திலிருந்தும் செக் நாட்டு யாப்லோனெட்ஸ் நகரத்திலிருந்தும் வரும் மணியை ஒசத்தி என்று வாங்குகிறோம்.

ஜப்பான் மணி இயந்திரத்தில் அச்சாக ஒரே அளவில் வரும். விலையும் அதற்கேற்ப. கையால் இழுத்த மணியில் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருக்கும், துளை ஓரம் சில சமயம் கத்திபோல் நூலை அறுக்கும். அதனால் கைமணி தாழ்ந்த சரக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஒற்றை மாலையாகக் கோக்க அதன் ஏற்ற இறக்கம்தான் அழகு. கட்டம் கட்டமாகப் பின்னுவதற்கு மட்டும் ஒரே அளவு மணி வேண்டும்.

கொள்முதல் செய்யும்போது ஒரு வேலை செய்யுங்கள். பாக்கெட்டைப் பிரித்து 100 மணியை எண்ணித் தட்டில் கொட்டி, ஊசி நுழையாதது, உடைந்தது, சாயம் உரிவது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். 15 ஒதுங்கினால் 100 ரூபாய்ப் பாக்கெட்டில் உங்களுக்கு 85 ரூபாய்க்குத்தான் சரக்கு. துவரம்பருப்பில் கழிவு பார்க்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பேன்சி சாமான் என்றதும் ஏனோ அந்தக் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

இனிப் பின்னலாம்

ஒரு கைவளையம், அதாவது பிரேஸ்லெட். வயர் கூடை பின்னிய அனுபவமுள்ள பெண்கள் வீட்டில் இருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். என் துணைவியார் பிடித்துக்கொண்டார். எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

தேவையானவை: 4 மில்லிமீட்டர் உருண்டை மணி, ஒரு நிறத்தில் 56, மற்றொரு நிறத்தில் 29. தங்கூஸ் நரம்பு ஒன்றரை மீட்டர். கொக்கியும் வளையமும் ஒரு ஜோடி. மணி உருண்டோடாமல் இருக்க, தட்டில் விரித்த பழைய துண்டு. 56 மணியைப் பக்க மணி என்றும் 29 மணியைக் குறுக்கு மணி என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு பக்க மணி, ஒரு குறுக்கு மணி, ஒரு பக்க மணி என மூன்றை நரம்பில் கோத்து நடுவுக்குத் தள்ளுங்கள். இப்போது இடமும் வலமும் சம நீளத்தில் இரண்டு முனைகள். வலது முனையில் ஒரு குறுக்கு மணியைக் கோத்துக்கொண்டு, அதே மணிக்குள் இடது முனையை எதிர்ப்பக்கத்திலிருந்து விடுங்கள். இரண்டு முனைகளையும் இரு கையால் இழுத்தால் நான்கு மணியும் கூடி ஒரு கட்டமாக நிற்கும். இதுதான் முதல் கட்டம். முனைகள் இடம் மாறியிருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்த கட்டத்துக்கு இடது முனையில் ஒரு பக்க மணி, வலது முனையில் ஒரு பக்க மணி கோக்க வேண்டும். பிறகு வலது முனையில் ஒரு குறுக்கு மணி, அதற்குள் இடது முனை எதிராக. இழுங்கள். இரண்டாவது கட்டம் முடிந்தது. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று மணி. 28 கட்டம் வந்ததும் கையில் ஒரு மணியும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் எங்கோ ஒரு கட்டத்தில் மணி விட்டுப்போயிருக்கிறது. நீளம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் இருக்கும், கொக்கியோடு சேர்ந்து பெரியவர் கைக்குப் பொருந்தும். குழந்தைக்கு 20 கட்டம் பின்னிப் பாருங்கள்.

நான் முதலில் செய்த தவறு இரண்டு முனைகளையும் ஒரே பக்கத்திலிருந்து மணிக்குள் விட்டது. கட்டம் மூடாமல் மணிகள் கொத்தாகத் தொங்கின. எதிரெதிராக, எதிரெதிராக என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னியதில்தான் கை வந்தது. கடைப் பையன் சிரித்தான், சிரிக்கட்டும்.

முடிப்பதுதான் முக்கியம். கடைசிக் குறுக்கு மணியிலிருந்து வெளியே வரும் இரண்டு முனைகளையும் கொக்கியின் காதில் நுழைத்து, அதே மணிக்குள் மீண்டும் எதிரெதிராக விட்டு இழுங்கள். பின் ஒரு முனையை மேல்வரிசைப் பக்க மணிகள் வழியாகவும் மற்றதைக் கீழ்வரிசைப் பக்க மணிகள் வழியாகவும் தொடங்கிய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். இறுக்கி இழுத்தால் பின்னல் வளைந்துபோகும், தளர்ந்தால் நரம்பு வெளியே தெரியும், இந்த நிதானம் நாலைந்து செய்தால் வரும். தொடக்கத்துக் குறுக்கு மணியில் வளையத்தை இதேபோல் பொருத்தி, இரு முனைகளையும் இரட்டை முடிச்சிட்டு, முடிச்சைப் பக்கத்து மணிக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். முனையை இன்னும் மூன்று நான்கு மணிகளுக்குள் செலுத்தி, அதன் பிறகே வெட்டுங்கள். சந்தையில் வரும் மலிவுச் சரக்கில் பெரும்பாலும் இந்தத் திரும்புப் பயணம் இருக்காது. போகும்போது போட்ட நரம்போடு முடித்து, முடிச்சை ஒட்ட வெட்டிவிடுவார்கள். பின்னத் தெரிந்தவருக்கு இது ஒரே பார்வையில் தெரியும். தெரியாதவர் என்னைப்போல் 12 டஜன் வாங்குவார்.

சோதனைக்கு நம் கடையிலேயே கருவி இருக்கிறது. மின்னணுத் தராசு வந்த பிறகு மூலையில் கிடக்கும் பழைய அரைக்கிலோ எடைக்கல்லை பிரேஸ்லெட்டில் கட்டி ஓர் இரவு ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் முடிச்சு நகராமலும் கொக்கி விரியாமலும் இருந்தால் அதை விற்கலாம். மொத்தமாக வாங்கும் சரக்கிலும் டஜனுக்கு ஒன்றை இப்படிப் பாருங்கள். 8 டஜன் பரணில் இருந்ததே, அதில் பத்தைத் தொங்கவிட்டேன். விடிவதற்குள் ஏழு தரையில் கிடந்தது.

கூலிக் கணக்கு

கற்றுக்கொண்டதும் எல்லோருக்கும் வரும் ஆசை, தெருவிலுள்ள பெண்களிடம் பின்னக் கொடுத்து விற்கலாம் என்பது. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று எல்லா ஊரிலும் உண்டு, வேலை செய்ய ஆளுக்குக் குறைவில்லை. இங்கேதான் கணக்கு தப்புகிறது. மணியை எண்ணுகிறோம், மணி நேரத்தை எண்ணுவதில்லை.

என் நோட்டில் உள்ளபடி சொல்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மணி 22 ரூபாய், நரம்பு 2, கொக்கி 4, கவர் 2, ஆக 30 ரூபாய். துணைவியாருக்கு முதல் பிரேஸ்லெட் இரண்டரை மணி நேரம் எடுத்தது. இருபது செய்த பிறகு 50 நிமிடம். மணி நேரத்துக்கு 60 ரூபாய் கூலி என்றால் அதுவே 50 ரூபாய். அடக்கம் 80. கடை லாபம் 20 வைத்து 100 ரூபாய்க்கு விற்க வேண்டும். பஸ் நிலையத்தில் 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் 40-க்கு விற்க வேண்டுமானால் பின்னியவருக்கு 10 ரூபாய்கூடக் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பெண்கள் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். போகாதவர்கள் திரும்புப் பயணத்தை விட்டுவிடுகிறார்கள். அறுந்த சரக்கு பிறப்பது இப்படித்தான். என் 12 டஜனைக் கோத்த பெண்ணுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று இப்போது கணக்குப் போட முடிகிறது.

ஆகவே பஸ் நிலையத்து விலையோடு நான் போட்டி போடவில்லை. 100 ரூபாய் பிரேஸ்லெட் மாதம் நாலைந்து போகிறது, ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து அதே நிறத்தில் கேட்கிறவர்களுக்கு. அதிகம் போவது பாக்கெட். 95 மணி (பத்து உபரி, எப்படியும் நாலு உருண்டோடும்), நரம்பு, கொக்கி, மேலே சொன்ன செய்முறையை அச்சடித்த துண்டுச்சீட்டு, எல்லாம் சேர்த்து 50 ரூபாய். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாங்கிப் போகிறார்கள். பின்ன வராவிட்டால் கடைக்கே வந்து கேட்கிறார்கள். மாலை 3 மணிக்கு மேல் வியாபாரம் மந்தமான நேரத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். வருகிறவர் கால் கிலோ சர்க்கரையாவது வாங்காமல் போவதில்லை.

மளிகைக் கடைக்கென்று ஓர் எச்சரிக்கை. மணி டப்பாவை உணவுப் பொருள் அலமாரியில் வைக்கவே கூடாது. கறுப்பு மணியும் கடுகும், கறுப்பு மணியும் மிளகும் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். மிளகில் பப்பாளி விதை கலந்த கதைகளைக் கேட்ட வாடிக்கையாளர் கண்ணாடி மணி கிடைத்தால் சும்மா விடமாட்டார், உணவுப் பாதுகாப்பு அலுவலரும் விடமாட்டார். கல்லாவுக்கு அந்தப் பக்கம், திருகு மூடி போட்ட டப்பா, தனிக் கரண்டி. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு மணி பாக்கெட் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியே கொடுங்கள், வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். மலிவுக் கொக்கியில் நிக்கல் முலாம் இருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும். திருப்பி வந்தால் வாதாடாமல் மாற்றிக் கொடுங்கள்.

பில்லில் இதை மளிகையோடு சேர்க்காமல் தனி இனமாக எழுதுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் விகிதத்தைத் தங்கள் கணக்கரிடம் கேட்டுப் போடட்டும்.

கடைசியாக, நான் எதிர்பாராத வருமானம் ஒன்று. "அறுந்த மாலை கோத்துத் தரப்படும்" என்று ஓர் அட்டை எழுதி வைத்தேன். கார்த்திகை பிறக்கும் முன் ஐயப்ப பக்தர்களின் துளசி மாலை, ருத்திராட்ச மாலை, வயதானவர்களின் படிக மாலை என்று வரிசையாக வருகிறது. ஒன்றுக்கு 30 ரூபாய் வாங்குகிறேன். நூல் செலவு போக மீதியெல்லாம் கூலிதான். தங்க மணி, தங்கத்தில் கட்டிய பவழம் இவற்றை மட்டும் தொடுவதில்லை, ஆசாரியிடம் அனுப்பிவிடுகிறேன். மற்ற எந்த மாலையானாலும் கொண்டுவந்தவர் எதிரிலேயே தட்டில் கொட்டி மணியை எண்ணி, துண்டுச்சீட்டில் எண்ணிக்கையும் நிறமும் எழுதி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்த பிறகே வாங்கி வைக்கிறேன். சென்ற கார்த்திகையில் அப்படி முதல் மாலையைக் கொண்டுவந்தது, பிரேயரில் மணி கொட்டிய பிள்ளையின் அம்மா. 108 என்று சொல்லிக் கொடுத்தார். எண்ணினால் 107. அவர் எதிரிலேயே எண்ணியதால் இருவரும் சிரித்தோம், ஒரு மணி கடையிலிருந்து போட்டுக் கோத்துக் கொடுத்தேன்.